ஒன்பதாவது ஊசிக்குப் போன வண்டி

முப்பத்தெட்டாம் வருஷத் தபசுகாலத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு என் மகள் லூர்துமேரியை வெறிநாய் கடித்தது. வலது கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழப் பதிந்திருந்தது. அவளுக்கு அப்போது வயது ஒன்பது. அதே நாய் இரண்டு ஆடுகளையும் கடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஊருணிக் கரையில் நுரை தள்ளிச் செத்தது. அதனால் வெறிநாயா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

அவள் இன்று உயிரோடு இருக்கிறாள். பதினான்கு மாதம் முடிந்துவிட்டது. சர்வேசுரன் என் மன்றாட்டைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அர்ச்சியசிஷ்ட அந்தோனியார் படத்தை என் மடியில் வைத்ததும், அவளை ஊசிக்கு ஏற்றிப்போன வேனின் எஞ்சின் ஐஸ் கட்டியாகக் குளிர்ந்துவிட்டதாம். வண்டி பெட்ரோல் இல்லாமலே ஓடியதாம். போன மாதம் ஒருவர் என்னிடமே வந்து, என் கதையை எனக்கே இப்படிச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நடந்தது நடந்தபடி என் டயரியில் இருக்கிறது. அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். தபால் கிளையையும் நானே பார்க்கிறேன். தபால் பை எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது, தாமதமானால் என்ன காரணம் என்று தினமும் எழுதி வைப்பது என் வழக்கம். மேலதிகாரி கேட்டதால் ஆரம்பித்தது, பிறகு கேட்காமலே பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இலுப்பூர் டாக்டர் புண்ணைக் கழுவிச் சுட்டார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். திங்கட்கிழமை காலை அங்கே போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த டாக்டர் கண்டிப்பானவர், நல்லவர். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

“பதினாலு ஊசி. வயித்துல. தினம் ஒண்ணு. எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள்ள வந்துரணும். ஒரு நாள் விடப்படாது. நாள் தவறாமப் போட்டா மருந்து முந்தும். விட்டா விஷம் முந்தும். முந்திருச்சுன்னா அப்புறம் நானும் ஒண்ணும் செய்ய முடியாது, எவனும் ஒண்ணும் செய்ய முடியாது.”

நாய்க்கடிக்காரர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பதில்லை. டவுனில் எங்களுக்கு உறவு இல்லை. என் மனைவி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆகவே தினமும் போய்த் திரும்புவது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரிலிருந்து புதுக்கோட்டை இருபத்தொரு மைல். இலுப்பூர் பஸ் மத்தியானம்தான் அந்தப் பக்கம் போகும். காலையில் போகக்கூடியது ஒன்றே ஒன்று, சவரிமுத்து அண்ணனுடைய பழைய வேன். தபால் பையும் அதில்தான் போகும்.

அந்த வேனுக்கு அப்போது ஒரு சீக்கு இருந்தது. தை மாதத் திருவிழாவிலிருந்து அது வழியில் கொதித்து நின்றது. பத்து மைல் ஓடும், பதினொரு மைல் ஓடும், பிறகு முன்னாலுள்ள மூடியிலிருந்து சீறிக்கொண்டு ஆவி வரும். இறங்கி அரை மணி நேரம் ஆறவிட்டு, பக்கத்து ஊருணியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, மறுபடி புறப்பட வேண்டும். ஏழு மணிக்குக் கிளம்பி எட்டேகாலுக்குப் போக வேண்டிய வண்டி ஒன்பதரைக்குப் போகும். சில நாள் ஒன்பதே முக்கால்.

இதற்கு ஊரார் கண்டுபிடித்த காரணத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

பழைய டிரைவர் ரங்கூனுக்குப் போய்விட்டார். தைத் திருவிழா வாரத்தில் புது டிரைவர் வந்தார். அவர் பெயர் காதர் மைதீன். இலுப்பூர்க்காரர். எல்லாரும் ராவுத்தர் என்பார்கள். அதே வாரத்தில்தான் சவரிமுத்து அண்ணன் வேனை மந்திரித்து, அர்ச்சியசிஷ்ட அந்தோனியார் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு, தகரம் அடித்து, வண்டியின் முகப்பில் நான்கு போல்ட் வைத்து முடுக்கினார். ராவுத்தர் வந்தார், படமும் வந்தது, வண்டி கொதிக்க ஆரம்பித்தது. ஊரார் என்ன சொன்னார்கள்? “நம்ம அந்தோனியார் முன்னால நிக்கிறாரு, பின்னால துலுக்கன் உக்காந்து ஓட்டுறான். அவருக்குப் பொறுக்குமா? அதான் கொதிக்கிறாரு.” கோவில் வாசலில் வைத்தே சொன்னார்கள். பூசை கண்டு, நாக்கில் நன்மை அப்பம் வாங்கி, அந்த நாக்கு காயும் முன்னே சொன்னார்கள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுத்தும் சொல்லவில்லை.

முதல் வாரத்தை டயரியில் உள்ளபடி தருகிறேன். திங்கள், பதினோராவது மைல், அன்னவாசல் தாண்டியதும் கொதித்தது. அன்று திரும்பி வந்ததும் ராவுத்தர் பெல்ட்டை மாற்றினார். செவ்வாய், எட்டாவது மைல். புதன் பதினொன்று. அன்று சாயங்காலம் ரேடியேட்டருக்குள் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, துருத்தண்ணீரைத் திறந்துவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஏழு தடவை கழுவினார். அதற்கு முக்கால் மணி ஆயிற்று. வியாழன் மறுபடி பதினொன்று. பம்பில் தண்ணீர் கசிகிறதோ என்று பார்த்து, கொழுப்பில் தோய்த்த நூலைச் சுற்றி அடைத்தார். வெள்ளி பதினொன்று. எஞ்சினில் தீப்பொறி அடிக்கும் நேரம் பிந்துகிறதோ என்று அதையும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். சனி, பதினொன்றரை.

ஒரு மனிதன் இதற்குமேல் என்ன செய்ய முடியும்? நாளைக்கு ஒரு காரியமாக, ஒன்றைத் திருத்தி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொட்டார். இரண்டை ஒரே நாளில் மாற்ற மாட்டார். “ரெண்டையும் சேத்து மாத்துனா எது பலிச்சுதுன்னு தெரியாதுங்க தபாலய்யா” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது அப்போதுதான்.

சனிக்கிழமை திரும்பி வரும்போது நான் அவரைக் கேட்டேன், “எல்லாம் பாத்தாச்சே ராவுத்தரே, இன்னும் என்னதான் பாக்கி?”

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். “பாக்காத எடம் ஒண்ணு இருக்குங்க. அது நான் பாக்கப்படாத எடம்.”

“எது?”

“எனக்கு அஞ்சு புள்ளைங்க இருக்குதுங்க” என்றார். பின்னால் கடலை மூட்டைமேல் படுத்திருந்த லூர்து, “ராவுத்தர் மாமா, அஞ்சுல யாரு என் வயசு?” என்று கேட்டாள். அவர் உடனே முகம் மலர்ந்து பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். டயரியில் “பார்க்கப்படாத இடம்?” என்று ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

இதற்கிடையில் நான் சும்மா இருக்கவில்லை. ஜெபித்தேன். தினமும் ஐம்பத்து மூன்று மணி செபமாலை. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உகந்த நாள் அல்லவா? தபசுகாலத்தில் கோவிலுக்குள் பூ வைப்பதில்லை. வெளியே வண்டியில் இருப்பவருக்கு வைக்கலாம் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து, எட்டு முழம் கதம்பம் வாங்கி, நெருக்கமாகக் கட்டச் சொல்லி, அந்தப் படத்தைச் சுற்றி இரண்டு வரி சாத்தினேன். அந்தச் செவ்வாய்தான் வண்டி எட்டாவது மைலிலேயே கொதித்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாலை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் பாடுகளின் ஞாயிறு என்பதால், கோவிலில் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணியால் முக்காடு போட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறான பாஸ்கு வரைக்கும் அவை மூடியே இருக்க வேண்டும் என்பது நம் முறை. சவரிமுத்து அண்ணன் மனைவி கெட்டியான ஊதாத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்து எடுத்துக்கொண்டு வேனுக்கு வந்தாள். “கோவில்ல இருக்குறவருக்கு முக்காடு போட்டாச்சு. ரோட்டுல போறவரு மட்டும் வெறுமுகமா நிக்கலாமா?” என்று சொல்லி, படத்தை மூடி, துணி கீழே தொங்கும்படி விட்டு, பறக்காமலிருக்க நாலு மூலையையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ஞாயிறு, ஐந்தாவது மைலில் கொதித்தது. ஆஸ்பத்திரிக்கு ஒன்பது ஐம்பத்தாறுக்குப் போனோம். நாலு நிமிஷம் மிச்சம்.

திங்கள், நாலாவது மைல். ஆறவிட்டுக் கிளம்பி ஆறாவது மைல் போனதும் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் வெடித்தது. ராவுத்தரின் முன்கையில் கொதிநீர் பட்டுத் தோல் கிளம்பிவிட்டது. அந்தக் கையோடே சைக்கிள் டியூபைக் கிழித்துக் குழாயைக் கட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. நான் லூர்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வழியில் வைக்கோல் வண்டி ஒன்று கிடைத்து, அன்னவாசலிலிருந்து மூட்டை லாரியொன்றில் ஏறி, பதினொன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். ஊசி போடும் அறைக்குக் கதவு சாத்தியிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு மணிக்கு டாக்டர் அந்த வழியாக வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். கதவைத் திறக்கச் சொல்லி எட்டாவது ஊசியைத் தானே போட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

“இன்னிக்கு நான் இந்தப் பக்கம் வந்தேன். நாளைக்கு நான் வெளியூர் கேஸ். பத்து மணிக்கு மேல மருந்தை எடுத்துப் போட இங்க ஆள் இல்லை. வாத்தியார்னு சொல்றீங்க. ஒரு வண்டி ஏன் நிக்குதுன்னு ஒங்க ஊர்ல ஒருத்தருக்குமா தெரியலை?”

அந்தக் கேள்வி என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஊர் வந்து சேர்ந்தோம். குழாயை மாற்றி வண்டியையும் ராவுத்தர் கொண்டுவந்திருந்தார். கையில் வாழையிலைச் சுருள் கட்டியிருந்தது. அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று, “நாளையிலிருந்து நீ வராதே, வேற ஆள் பாத்துக்கிறோம்” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு ஆள் யார்? ஒருவரும் இல்லை. என் மகளுக்கு மறுநாள் ஊசி. வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே மனிதனை விரட்டுகிறார்கள்! அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. தபால் பையை எண்ணி வாங்கிக்கொண்டு நேரே கோவிலுக்குப் போனேன்.

கோவிலில் யாரும் இல்லை. பீடம் முழுக்க ஊதாத் துணி. எந்த முகமும் தெரியவில்லை. நான் முழந்தாளிட்டேன். வழக்கமான ஜெபம் வாயில் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். “என் மகள் என்ன பாவம் செய்தாள்? ஐம்பத்து மூன்று மணியும் தவறாமல் சொன்னேனே. எட்டு முழம் பூ வாங்கினேனே. நாளுக்கு நாள் மோசமாகிறதே. குணமாக்கு என்று இனிக் கேட்கமாட்டேன். காரணத்தைக் காட்டு. அது மட்டும் போதும். காரணம் தெரிந்தால் என்னவானாலும் செய்கிறேன்” என்றேன். கடைசியில் சொன்ன வார்த்தையை யோசித்துச் சொல்லவில்லை. அது வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனேன். விளக்கு ஏற்றும் நேரம். அன்றைய குறிப்பை எழுதுவதற்காக டயரியைத் திறந்தேன். “நாலாவது மைல்” என்று எழுதியதும், முந்தின நாள் பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து. அதற்கு முந்தினது பதினொன்றரை. ஒரே இரவில் பாதியாகக் குறைய என்ன நடந்தது? சனிக்கிழமை ராவுத்தர் எதையும் மாற்றவில்லை. சனிக்கிழமை நடந்தது ஒன்றே ஒன்று. என் கையெழுத்திலேயே இருந்தது: “வேன் படத்துக்கும் முக்காடு போட்டாயிற்று.”

பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினேன். செவ்வாய், எட்டு மைல். மாலை, எட்டு முழம். இன்னும் பின்னால் போனேன். மாசி மாதத்தில் இரண்டு நாள் மட்டும் தபால் பை எட்டு இருபதுக்கும் எட்டு இருபத்தைந்துக்கும் புதுக்கோட்டை போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கும் நிற்கவில்லை. ஏன்? “படத்தின் கண்ணாடி கல் பட்டு உடைந்தது. கழற்றிக் கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறது.” அதற்கு அடுத்த நாள், படம் திரும்பி வந்த நாள், பதினோராவது மைல்.

ரேடியேட்டர் என்பது என்ன? முன்னால் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும் தண்ணீர்ப் பெட்டி. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்தக் கண்கள் வழியாகப் புகுந்துதான் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். அந்தக் காற்று போகும் வாசலில் தகரம் அடித்த படத்தை வைத்து முடுக்கி, அதன்மேல் பூ அடைத்து, அதற்கும் மேலே இரட்டைத் துணி கட்டியிருந்தோம். நான் ஜெபிக்க ஜெபிக்க வண்டி அதிகமாகக் கொதித்ததன் காரணம் இதுதான்.

அப்புறம் இன்னொரு வரி கண்ணில் பட்டது. கண்ணாடி போட்டு வந்த படத்தை மறுபடி மாட்டிய நாளில் எழுதியது. “ராவுத்தர் படத்தின் போல்ட்டில் கை வைத்தார். சவரிமுத்து அண்ணன் அவரைக் கன்னத்தில் அறைந்தார். சரி.”

எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்! படத்தைச் சற்று உயர்த்தி மாட்டலாம் என்றுதான் அந்த மனிதர் போயிருக்கிறார். என்ன ஏது என்று கேட்காமல் அடித்தார் ஒருவர். நான் என்ன செய்தேன்? வீட்டுக்கு வந்து, மை தொட்டு, அழகான எழுத்தில் “சரி” என்று எழுதினேன். என்ன சரி? யாருக்குச் சரி? அவர் வாயை நாம் அடைத்தோம். ஒன்றரை மாதம் காரணம் தெரிந்த ஒரே மனிதன் நம்மோடு ஓட்டிக்கொண்டு வந்தான், நாம் அவனையே காரணம் என்றோம். அதன் விலை என் பிள்ளையின் உயிராகப் போகவிருந்தது.

காரணத்தைக் காட்டு என்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிட்டார். இதைவிடத் தெளிவான பதில் யாருக்குக் கிடைத்திருக்கிறது?

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். அதற்குள் சவரிமுத்து அண்ணன், கோவில் உபதேசியார், இன்னும் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். ராவுத்தர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பானர் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, “சீட்டுக்கு அடியில பெட்டி இருக்குங்க. நான் எடுத்துத் தரலை, நீங்களா எடுத்துக்கிட்டீங்க” என்றார்.

முதல் போல்ட்டில் கை வைத்தேன். சவரிமுத்து அண்ணன் ஓடிவந்தார்.

“ஏலே ஆரோக்கியம், ஒனக்கு என்ன கிறுக்கா? நாய் கடிச்சது ஒம் மகளையா, ஒன்னையா?”

“அண்ணே, இந்தப் படம் காத்தை மறைக்குது. அதான் வண்டி கொதிக்குது.”

“அர்ச்சியசிஷ்டவர் மறைக்கிறாரா? இதை ஒனக்கு யாரு சொன்னா? அந்தத் துலுக்கனா?”

“நான் எழுதி வச்சது சொல்லுச்சு. மணி ஆறு நாப்பது. பத்து மணிக்குக் கதவைச் சாத்திருவாங்க. அடிக்கிறதுன்னா என்னை அடிங்க, வாங்கிக்கிறேன். ஆனா போல்ட்டைக் கழட்டாம விட மாட்டேன்.”

போல்ட் துருவேறி இருந்தது. திரும்பவில்லை. விரல் முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. ராவுத்தர் தலையைத் திருப்பாமலே, யாரோடோ பேசுகிறவர் மாதிரி, “இடது பக்கமாத் திருப்பணும். மொதல்ல ஒரு சொட்டு எண்ணெய் விடணும்” என்றார். விட்டேன். திரும்பியது.

உபதேசியார் என் பக்கத்தில் குனிந்தார். “வாத்தியாரே, பாஸ்கு வரைக்கும் முக்காட்டை எடுக்கப்படாது. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“நான் எடுக்கலையே. முக்காட்டோடதான் கழட்டுறேன். முக்காட்டோடதான் மடியில வச்சுக்கிட்டுப் போகப்போறேன். முறைக்கு ஒரு குறையும் வராது.”

“படத்தை மடியில வச்சுக்கப் போறாராமே, கைப்புள்ளை மாதிரி!” என்று ஒரு அம்மாள் கூட்டத்திலிருந்து சிரித்தாள்.

“படத்துல அவரே கையில புள்ளையை வச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாரு. அவருக்கு இது புரியும்” என்றேன்.

நாலாவது போல்ட் கழன்றபோது ஏழு மணி அடிக்க மூன்று நிமிஷம். படத்தை மடியில் வைத்துக்கொண்டு ராவுத்தர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லூர்து நடுவில் என்மேல் சாய்ந்துகொண்டாள். எட்டு ஊசி போட்ட வயிறு வீங்கிக் கெட்டியாக இருந்தது. நேராக உட்காரக்கூட அவளால் முடியவில்லை. சவரிமுத்து அண்ணன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். கை இரண்டையும் விரித்தார். லூர்துதான், “பெரியப்பா, தள்ளிக்குங்க, எனக்கு நேரமாவுது” என்றாள். அவர் தள்ளி நின்றார்.

நாலாவது மைல் வந்தது. போயிற்று. ஐந்து போயிற்று. குழாய் வெடித்த இடத்தில் நேற்றைய தண்ணீர்த் தடம் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. அதையும் தாண்டினோம். எட்டாவது மைலில் ராவுத்தர் மூடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான் “பரமண்டலங்களிலே” ஜெபம் சொல்ல ஆரம்பித்து, நடுவில் மறந்து, மறுபடி ஆரம்பித்தேன். அன்னவாசல் வந்தது. லூர்து மைல்கல்லை எண்ணிக்கொண்டே வந்தாள்.

“அப்பா, பதினொண்ணு. வண்டி இன்னிக்கு அழலையே!”

ராவுத்தரின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கட்டுப்போட்ட கையாலேயே துடைத்துக்கொண்டார். எட்டு பதினெட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். எட்டு முப்பதுக்கு ஒன்பதாவது ஊசி போட்டாயிற்று.

வெளியே வந்து ராவுத்தர் முன்னால் நின்று, “என்னை மன்னிச்சிருங்க. அன்னிக்கு அடிச்சப்ப நானும் அங்கதான் நின்னேன்” என்றேன்.

“தெரியுங்க தபாலய்யா. பாத்தேன்” என்றார். “நீங்க ஒருத்தர்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. அதனாலதான் சனிக்கிழமை ஒங்ககிட்ட மட்டும் அரைவாய் சொன்னேன்.”

அந்தச் சனிக்கிழமை அரைவாயாகச் சொன்னதை நான் முழுதாகக் கேட்டிருந்தால் திங்கட்கிழமை நடந்திருக்காது. இதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதன்பின் ஐந்து நாள், ஐந்து ஊசி. வண்டி ஒரு நாளும் கொதிக்கவில்லை. குருத்தோலை ஞாயிறு அன்று பதினாலாவது ஊசி முடிந்தது. டாக்டர் லூர்தின் கன்னத்தைத் தட்டி, “ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் முழு மூச்சு விடலாம்” என்றார். ஒரு வருஷம் போயிற்று. இரண்டு மாதம் கூடவும் போயிற்று. இப்போது முழு மூச்சு விட்டுக்கொண்டு, கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லி எழுதுகிறேன்.

கோபம் இன்னும் இருப்பதற்குக் காரணம் இதோ. பாஸ்கு முடிந்து முக்காடு எடுத்ததும், “புதுமை செய்த படம்” என்று சொல்லி, முன்னைவிடப் பெரிய சட்டம் செய்து, அதே இடத்தில் மறுபடி முடுக்கிவிட்டார்கள். நான் டயரியைக் கொண்டுபோய்க் காட்டினேன். யாரும் வாசிக்கவில்லை. ராவுத்தர் சாவியைச் சவரிமுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, பொன்னமராவதியில் வேறொருவர் வண்டிக்குப் போய்விட்டார். என்னைத் தவிர அவரிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. புது டிரைவர் நம்மவர், ஞானஸ்நானம் பெற்றவர். வண்டி ஒன்பதாவது மைலில் கொதிக்கிறது. இப்போது துலுக்கன் என்று சொல்ல ஆள் இல்லை அல்லவா? ஆகவே அவர் பாஸ்கு காலத்தில் கட்டாயம் செய்ய வேண்டிய பாவசங்கீர்த்தனத்தைச் செய்யவில்லை, அதனால்தான் கொதிக்கிறது என்கிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது? போன வாரம் பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணை ஏற்றிப்போன வண்டி வழியில் ஒரு மணி நேரம் நின்றது. அவள் பிழைத்தாள். அடுத்த தடவைக்கு யார் பொறுப்பு?

என்னிடம் ஒரு மாற்றம் ஏற்பட்டிருக்கிறது. அநியாயம் ஒன்றைப் பார்த்தால் டயரியில் எழுதிவிட்டுத் தூங்குவதில்லை. முதலில் வாயால் சொல்கிறேன், பிறகு எழுதுகிறேன். இதனால் எனக்கு ஊரில் நண்பர்கள் குறைந்திருக்கிறார்கள். பரவாயில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்பானரோடு போய்ப் படத்தைக் கழற்றி, வண்டிக்குள்ளே, எல்லாரும் உட்காரும் இடத்தில் மாட்டப்போகிறேன். அந்தோனியார் மேல் உங்கள் எல்லாரையும்விட எனக்குப் பக்தி குறைவில்லை. அவர் என் மடியில் முழு இருபத்தொரு மைலும் வந்தார். அவர் வெயிலிலும் புழுதியிலும் முன்னால் தொங்க வேண்டாம். உள்ளே வந்து நோயாளிகளோடு உட்காரட்டும். என்னோடு சேர்ந்து போல்ட் திருப்ப வருகிறவர்கள் வரலாம். அங்கிருந்து நேரே பொன்னமராவதிக்கு ராவுத்தரைப் பார்க்கப் போகிறேன். வர மனமுள்ளவர்கள் அதற்கும் வரலாம்.

சகோதரரே, துன்பம் வந்தால் ஜெபியுங்கள். பயப்படாமல், சண்டை போட்டாவது ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். எனக்கு ஒரு மணி நேரத்தில் பதில் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். ஆனால் பதில் வந்த பிறகு எழுந்து போய் அதைச் செய்யுங்கள். நீங்களே பூச்சூட்டி வைத்த ஒன்றைக் கழற்றச் சொன்னாலும் கழற்றுங்கள்.